தர்பாரில் உட்கார்ந்தவர்

வெள்ளியங்கோட்டை அரண்மனையில் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் தர்பார் ஓவியத்தில் நூற்று நாற்பது வருஷமாகக் குனிந்து நின்றிருந்த குடியானவர், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு அமலோற்பவம் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது, ஜமீன்தாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால் போடவில்லை, மீசையை முறுக்கவில்லை. நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்த ஒருவருக்கு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எப்படி உட்காருவாரோ அப்படி, இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்க்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டு தோளுக்கு ஏறியிருந்தது. ஜமீன்தார் அவர் பக்கத்தில் நின்றார். நின்று பழக்கமில்லாதவர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். திவான், எப்போதும் கலெக்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர், இப்போது குடியானவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவும் ஆரம்பித்திருந்தார். வேட்டை நாய் மட்டும் முன்பு எங்கே படுத்திருந்ததோ அங்கேயே படுத்திருந்தது.

அமலோற்பவம் குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். டிபன் டப்பாவை அலமாரியில் வைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் போட்டபடி இருந்தன. பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூடத்தைப் பெருக்கினாள். பதினெட்டு வருஷமாகத் தினக்கூலிக்கு இந்த அரண்மனை அருங்காட்சியகத்தில் விளக்குநராக இருப்பவளுக்கு, படத்திலிருக்கிறவர் எப்படி உட்கார்ந்தார் என்பதைவிட, யாரைக் கேட்டு உட்கார்ந்தார் என்று மேலேயிருந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் ஈரோட்டிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிற வேன் ஒன்று வந்து நின்றது. பதினேழு பேர் இறங்கி வந்து ஓவியத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அமலோற்பவத்துக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஒரு படத்துல அதிகாரம் யார் கையில இருக்குன்னு கண்டுபிடிக்க வாளைப் பாக்காதீங்க, தலைப்பாகையைப் பாக்காதீங்க. யாரு உக்காந்திருக்கா, யாரு நிக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம் யார் கண்ணு யாரைப் பாக்குதுன்னு பாருங்க. கூண்டுக்குள்ள இருக்க கிளி குடிமக்களோட நாக்கு. காலடியில கெடக்க நாய் விசுவாசம். கம்பளத்து விளிம்புல குனிஞ்சு நிக்க குடியானவர், நிலத்தை வித்துத் தின்னுட்டு வரி கட்ட முடியலைன்னு மன்னிப்புக் கேட்டு வந்தவர். அவரோட நிழல்கூடக் கம்பளத்துல விழாம வரைஞ்சிருக்காரு ஓவியர்.”

ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். “ஏனுங், அவுரு உக்காந்துட்டு இல்லீங்களா இருக்கறாரு?”

“ஆமா,” என்றாள் அமலோற்பவம். “கால் வலிச்சிருக்கும்.”

பதினேழு பேரும் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் இளநீர் குடித்த கடையில் சொன்னதை, இளநீர்க்காரர் பஸ் ஸ்டாண்டில் சொல்ல, மத்தியானத்துக்குள் வெள்ளியங்கோட்டை முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மீன் கூடையோடு வந்தவர்கள், டியூட்டி முடிந்து வந்த கண்டக்டர்கள், கோர்ட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த குமாஸ்தாக்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, “எவ்வளவு காலம்தான் நிப்பாரு மனுசன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாவட்டத் தலைநகரில் இருக்கும் காப்பாட்சியர் ஞானதிரவியம் மட்டும் போனில் கத்தினார். “அமலோற்பவம், நீ எதும் உக்காரச் சொன்னியா?”

“நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்?”

“அப்போ எந்திரிக்கச் சொல்லு.”

“படத்துல இருக்கவர்ட்ட எப்படி சார் சொல்ல?”

“தெனம் அவரப் பத்திப் பேசத்தான உனக்குச் சம்பளம்? பேசிப் பாரு,” என்று போனை வைத்துவிட்டார்.

அமலோற்பவம் பேசவில்லை. ஓவியத்துக்கு நேரே போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை ஓவியர் வரையவே இல்லை. குனிந்த தலைக்கு முகம் எதற்கு என்று தலைப்பாகையை மட்டும் வரைந்து விட்டுவிட்டார். இத்தனை வருஷமும் அவள் அந்தத் தலைப்பாகையைத்தான் குச்சியால் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே ஒரு முகம் இருந்தது. கன்னத்தில் அம்மைத் தழும்பு, இடது புருவத்தில் ஒரு வெட்டு, எதையோ சொல்லிச் சிரிக்கப் போகிறவர் மாதிரி ஒரு உதடு. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷரைப் பற்றி அவர் இருக்கும்போதே அவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் ரெகுநாத துரை வந்தார். ஜமீன்தாருக்குக் கொள்ளுப் பேரன். அரண்மனை போய், நிலம் போய், இப்போது சேர் பந்தல் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாற்காலி அவருடையதுதான், முன்வரிசையில் முதல் நாற்காலியும் அவருக்குத்தான். ஓவியத்தைப் பார்த்ததும் ஜமீன்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்க பாட்டையா நிக்காவளே! ஏம்மா, ஐந்நூறு சேர் வச்சிருக்கவன் நான், எங்க வீட்டுப் பெரியவுக நிக்கவா?”

மூன்று சக்கர வண்டியில் ஒரு சிம்மாசன நாற்காலியை, மாப்பிள்ளை பொண்ணு உட்காருகிற சிவப்பு வெல்வெட்டு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து, ஓவியத்துக்கு முன்னால், ஜமீன்தார் நிற்கிற இடத்துக்கு நேராகப் போட்டார். ஒரு வாரம் கிடந்தது. ஜமீன்தார் இறங்கி வரவில்லை. மீன் விற்கிற சந்தனமாரி, கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, ஓவியத்தைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு போனாள். துரை நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் குடியானவருக்குச் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். குனிந்து நின்ற காலத்தில் அவர் யாரென்று கேட்க ஒரு ஆள் வந்ததில்லை. உட்கார்ந்த பத்தாம் நாளில் பதினான்கு குடும்பங்கள் வந்தன, எங்கள் பூட்டனார்தான் என்று. அம்மைத் தழும்பைக் காட்டி ஒரு குடும்பம், புருவத்து வெட்டைக் காட்டி ஒரு குடும்பம், உதட்டைக் காட்டி இரண்டு குடும்பம். மேலத்தெருக்காரர்கள் தங்கள் தாத்தாவின் போட்டோவைக் கொண்டுவந்து அமலோற்பவத்தை ஸ்கேல் வைத்துக் காதை அளக்கச் சொன்னார்கள். அளந்தாள். கீழத்தெருக்காரர்கள் அந்தக் காதைவிடத் தங்கள் காது அரை விரல் நெருக்கம் என்று சொல்ல, கூடத்துக்குள்ளேயே இரண்டு தெருவும் ஒருவர் காதை ஒருவர் பிடித்துக்கொள்கிற நிலைமை வந்துவிட்டது. திவான் வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வக்கீல்கூட, கொஞ்ச நாளில், தன் அம்மா வழியில் இந்தப் பெரியவருக்கும் உறவுண்டு என்று விசாரித்துச் சொன்னதாகக் கேள்வி.

ஆனால் இதெல்லாம் அரண்மனைக்குள் நடந்தது. ஊருக்குள் நடந்ததுதான் விசேஷம். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் ஒருநாள், யாரும் சொல்லாமலே, நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் திருட்டுப் போன ஆட்டைப் பற்றிச் சொன்னார். தாலுகா ஆபீஸில், பத்திரம் பதிகிற இடத்தில், ஆஸ்பத்திரியில், எங்கே மனு கையில் இருந்ததோ அங்கெல்லாம் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துப் பூட்டினார்கள், ஜனங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து எப்படி அதட்டுவது என்று எந்த அதிகாரிக்கும் தெரியவில்லை. நின்று அதட்டினால் தான் அவர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. உட்கார்ந்து அதட்டினால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஒரு தாசில்தார் மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்துவிட்டு, “சரி, சொல்லும்” என்று சொல்லிவிட்டாராம்.

இது பொறுக்காமல்தான் அதிகாரிகள் மேலே எழுதினார்கள். புரட்டாசியில் சென்னையிலிருந்து டாக்டர் கோகுலகிருஷ்ணன் என்ற நிபுணர் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்து மூன்று நாள் ஓவியத்தைப் பார்த்தார். கிளி என்பது ஆன்மா என்றார், நாய் என்பது காலம் என்றார், கலெக்டரின் தொப்பி என்பது காலியான பூமி என்றார். உட்கார்ந்திருப்பவர் உண்மையில் உட்காரவில்லை, அது ஒரு குறியீட்டு அமர்வு என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் மூலநிலைக்கு மீட்டெடுக்க வேண்டும் என்று எழுதினார்.

“அப்படின்னா என்ன சார்?” என்று அமலோற்பவம் கேட்டாள்.

“சென்னைக்குக் கொண்டு போயி, நாற்காலியில ஜமீன்தாரை வரைஞ்சு, இவரைப் பழையபடி குனிய வச்சிருவோம். பத்து நாள் வேலை.”

“மொகம்?”

“குனிஞ்சா முகம் தெரியாதும்மா.”

அன்றைக்கு அமலோற்பவம் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் லாரி வந்தது. மரப்பெட்டி வந்தது. காப்பாட்சியர் ஞானதிரவியமும் நிபுணரும் வந்தார்கள். கூடம் நிறைய ஜனம். ஓவியம் ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் பேரூராட்சித் தலைவரின் ஆட்சேபணையில்லைக் கடிதம் வேண்டும் என்பதால் தலைவர் நவநீதனும் வந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நவநீதன் தலைவர் இல்லை. வெள்ளியங்கோட்டை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பேரூராட்சி. ஓட்டு வாங்கி ஜெயித்தது அவர் மனைவி இசக்கியம்மாள். ஜெயித்த அன்றைக்குத் தன் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான் நவநீதன், மூன்று வருஷமாக எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் பேசுவது அவர், திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டுவது அவர், அவள் பெயரில் கையெழுத்துப் போடுவதும் அவர். ஊரில் அவரைத் தலைவர் என்பார்கள், அவளைத் தலைவர் வீட்டம்மா என்பார்கள். அன்றைக்கும் அவர் முன்னால் நிற்க, இசக்கியம்மாள் பின்னால் தூணோரம் நின்றாள்.

நவநீதன் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஞானதிரவியம் வாங்கிக்கொண்டு, இன்னொரு தாளை அமலோற்பவத்திடம் நீட்டினார். “ஒப்படைச்சேன்னு ஒரு கையெழுத்துப் போடு.”

அமலோற்பவம் வாங்கவில்லை.

“போடாட்டி திங்கக்கெழமை வேலைக்கு வர வேண்டாம்,” என்றார் அவர், ரகசியம் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

“சார், ஒரே ஒரு தடவை படத்தை விளக்கிட்டுப் போடுதேன். போறதுக்கு முன்ன ஊர்க்காரங்க கேக்கட்டும்.”

நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம், “சொல்லட்டும், சொல்லட்டும்” என்றது. அமலோற்பவம் குச்சியை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே காட்டினாள்.

“பதினெட்டு வருசமா நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். உக்காந்தவரைப் பாருங்க, நிக்கவரைப் பாருங்கன்னு சொன்னேன். நீங்களும் அதையேதான் பாத்திய. உக்காந்தவரு எங்க பூட்டன்னு பதினாலு குடும்பம் வந்துச்சு. நிக்கவருக்காகத் துரை அண்ணாச்சி சேர் கொண்டாந்தாவ. நாற்காலிக்குப் பின்னால இந்தப் பொம்பளை நிக்காளே, சாமரத்தோட, இவளை யாராச்சும் பாத்தியளா? ஜமீன்தார் உக்காந்திருந்தப்போ அவருக்கு வீசினா. இவரு உக்காந்த பொறவு இவருக்கு வீசுதா. நாளைக்கு நாய் ஏறி உக்காந்தாலும் வீசுவா. மொதல்ல எந்தப் பக்கம் பாத்தாளோ அந்தப் பக்கம்தான் இப்பவும் பாக்கா. இந்தப் படத்துல கொஞ்சமும் மாறாதது நாயும் இவளும்தான்.”

நிபுணர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். அவருடைய அறுபது பக்க அறிக்கையில் அந்தப் பெண் இல்லை.

“இவ யாரு வீட்டு ஆளு?” என்று கேட்டாள் அமலோற்பவம். “காது அளக்கணும்னா அளந்து தாரேன். யாரு வாரிய?”

மேலத்தெரு கீழத்தெருவைப் பார்த்தது. கீழத்தெரு சுவரைப் பார்த்தது. வக்கீல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். சந்தனமாரி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை மூன்று வருஷமாக யாரும் கேட்டதில்லை என்பதால், பேசியது யாரென்று தெரியாமல் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டு ஆளுதான்.”

இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஓவியத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஞானதிரவியத்தின் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தாள். மெதுவாக, உதட்டசைத்து, எழுத்து எழுத்தாக, அதன் கடைசி வரியில் இருந்த தன் பெயர்வரைக்கும் படித்தாள்.

“இது என் கையெழுத்து இல்லையே,” என்றாள்.

நவநீதன் சிரித்தார். “ஏட்டி, வீட்டுல போயி பேசிக்கிடலாம்.”

“வீட்டுல பேச என்ன இருக்கு? ஆபீஸ் காயிதம்தான இது.” அவள் அமலோற்பவத்திடம் பேனா கேட்டு வாங்கி, கடிதத்தின் பின்பக்கத்தில், கொஞ்சம் பெரிதாக, சாய்வில்லாமல், இசக்கியம்மாள் என்று எழுதினாள். “இதுதான் என் கையெழுத்து.”

பேரூராட்சிக் கிளார்க் சப்பாணிமுத்து, பாவம், நேர்மையான மனிதர். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒத்து வரலையே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கூட வந்திருந்த பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு அந்த ஐப்பசி மழைக்குளிரிலும் வியர்த்தது. ஏனென்றால், இது அவளுடைய கையெழுத்து என்றால் மற்றது அவளுடையது இல்லை. மற்றது அவளுடையது இல்லை என்றால் மூன்று வருஷத்துத் தீர்மானங்கள், உரிமங்கள், சான்றிதழ்கள், தெருவிளக்கு போட்டது, தெருவிளக்கு கழற்றியது, எதுவுமே நடக்கவில்லை. “அம்மா, கொஞ்சம் யோசிச்சு, பழைய மாதிரியே போட்டுப் பாருங்களேன்,” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“பழைய மாதிரி எனக்குப் போடத் தெரியாது,” என்றாள் இசக்கியம்மாள். “இந்தப் படம் எங்கயும் போகாது. நான் ஆட்சேபிக்கேன்.”

ஜனங்கள் கை தட்டவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கூடம் முழுக்க, மரப்பெட்டியைச் சுற்றி, அதன் மேலும். பெட்டியைத் தூக்க வழியில்லை. நிபுணர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் பெட்டியோரம் இடம் பார்த்து உட்கார்ந்து, அறுபத்தோராவது பக்கத்தை எழுத ஆரம்பித்தார். சாயங்காலம் லாரி காலியாகத் திரும்பிப் போனது. ஞானதிரவியம் அதன் முன்சீட்டில் ஏறிப் போகும்போது, அமலோற்பவத்தைப் பார்த்து, “திங்கக்கெழமை…” என்று ஆரம்பித்தார். “வந்துருவேன் சார்,” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் அவளைப் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்துத் தீர்மானங்கள் எல்லாவற்றிலும் இசக்கியம்மாள் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அது அவளுடையதுதான் என்று பார்த்த ஒரு ஆள் சாட்சி போட வேண்டும் என்று செயல் அலுவலர் சட்டப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்திருந்தார்.

போட்டுத் தள்ளிவிட்டால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இசக்கியம்மாள் ஒவ்வொன்றையும் படித்தாள். தலைவர் நாற்காலியில், நவநீதனுடைய உடம்புக்கு அமுங்கிப்போன மெத்தையில் கொஞ்சம் புதைந்து உட்கார்ந்துகொண்டு, உதட்டசைத்துப் படித்தாள். சிலதில் கையெழுத்துப் போட்டாள். சிலதை, “இது எதுக்கு?” என்று கேட்டுத் தனியாக வைத்தாள். “இந்த ஊருல நீச்சல்குளம் எங்க இருக்கு?” என்று கேட்டபோது சப்பாணிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மூன்றாம் நாள் ஆனபோது தனியாக வைத்த கட்டுதான் உயரமாக இருந்தது.

அன்றைக்குப் பதினோரு மணிவாக்கில் நவநீதன் வந்தார். வெளியே பெஞ்சில் தன் முறை வரும்வரை காத்திருந்தார். சப்பாணிமுத்து பெயர் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். கையில் ஒரு மனு இருந்தது. லாரி திரும்பிப் போன நாளிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவர் மேஜைக்கு முன்னால் நின்றார். நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாட்சிக்காரியைப் பார்த்தார்.

“உக்காருங்க,” என்றாள் இசக்கியம்மாள்.

மேஜைக்கு இந்தப் பக்கத்து நாற்காலியில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. அதன் ஒரு கால் ஆடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விழாமல் பிடித்துக்கொண்டு, ஒரு மாதிரிச் சமாளித்து உட்கார்ந்தார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். “சொல்லுங்க. என்ன விஷயம்?”

மூன்று வருஷமாக அவளுக்கும் சேர்த்து, ஊருக்கும் சேர்த்துப் பேசிய மனிதர் வாயைத் திறந்தார். மனுவைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், திரும்ப மனுவைப் பார்த்தார்.

“அவசரமில்ல,” என்றாள் இசக்கியம்மாள். “யோசிச்சே சொல்லுங்க.”